விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாறலாமா? பிரைவசியும் பழக்கமும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னைப் போன்ற சாப்ட்வேர் ஆசாமிகளைப் பார்த்தால் கேட்பதற்கென்றே சில கேள்விகள் வைத்திருப்பார்கள். எந்த ஆன்ட்டி வைரஸ் நல்லது? ராம் எவ்வளவு இருந்தால் போதும்? பழைய ஹார்ட் டிஸ்க்கை என்ன செய்வது? சில ஆண்டுகளாக இந்தப் பட்டியலில் இன்னொரு கேள்வியும் சேர்ந்துவிட்டது. "நான் கம்ப்யூட்டரில் செய்வதை எல்லாம் அது வெளியே யாருக்கோ சொல்லிவிடுகிறதாமே, உண்மையா?" என்பதுதான் அது. இதற்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கேள்வி வரும். "லினக்ஸ் போட்டுவிட்டால் அந்தத் தொல்லை இல்லையாமே?"

முதல் கேள்விக்கு என் பதில், ஓரளவு உண்மை. இரண்டாவது கேள்விக்கும் அதே பதில்தான். லினக்ஸ் பெரும்பாலும் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. அந்த விலையை ரூபாயில் கட்ட வேண்டியதில்லை, பல ஆண்டுப் பழக்கத்தை மாற்றிக் கட்ட வேண்டும். இந்தக் கட்டுரையில் இரண்டையும் பார்ப்போம்.

கம்ப்யூட்டர் எதை அனுப்புகிறது?

ஒரு ஆப்பரேட்டிங் சிஸ்டம் தன்னைத் தயாரித்த நிறுவனத்திற்குத் தானாகவே சில விவரங்களை அனுப்புவதை டெலிமெட்ரி என்பார்கள். விண்டோஸில் இதற்கு டயக்னாஸ்டிக் டேட்டா என்று பெயர். உங்கள் கம்ப்யூட்டரின் பிராசசர் எது, ராம் எவ்வளவு, எந்த டிரைவர் கோளாறு செய்தது, அப்டேட் சரியாக நிறுவப்பட்டதா என்பவை இதில் அடங்கும். இதனால் பயனும் உண்டு. குறிப்பிட்ட ஒரு பிரிண்டர் டிரைவரால் பல்லாயிரம் கம்ப்யூட்டர்கள் நின்றுபோனால், நிறுவனத்திற்கு அது உடனே தெரிந்துவிடும். அடுத்த அப்டேட்டில் சரிசெய்துவிடுவார்கள்.

எல்லை எங்கே என்பதில்தான் பிரச்னை வருகிறது. எந்தப் புரோகிராமை எவ்வளவு நேரம் பயன்படுத்தினீர்கள், எந்த இணைய தளங்களைப் பார்த்தீர்கள் என்பது வரை இந்த விவரம் நீளலாம். விண்டோஸில் இது இரண்டு வகை. ஒன்று கட்டாயம் செல்லும் ரெக்வயர்டு டேட்டா. மற்றொன்று நாம் விரும்பினால் மட்டும் செல்லும் ஆப்ஷனல் டேட்டா. வீட்டில் நாம் பயன்படுத்தும் ஹோம் பதிப்பில் முதல் வகையை செட்டிங்ஸ் வழியாக முழுவதும் நிறுத்த முடியாது. இரண்டாவதை நிறுத்தலாம்.

இது யாரோ சிலர் கிளப்பிய வதந்தி அல்ல. விண்டோஸ் 10 வெளியானது 2015 ஜூலை 29ல். அடுத்த ஆண்டே பிரான்ஸ் நாட்டின் தகவல் பாதுகாப்பு ஆணையம், தேவைக்கு மேல் தகவல் திரட்டப்படுகிறது என்று மைக்ரோசாப்ட் நிறுவனத்திற்கு நோட்டீஸ் கொடுத்தது. அடிப்படை நிலையில் திரட்டும் தகவலை நிறுவனம் ஏறத்தாழ பாதியாகக் குறைத்த பிறகு, 2017 ஜூனில் அந்த நடவடிக்கை முடித்துக்கொள்ளப்பட்டது. 2018ல் வந்த பதிப்பில், என்ன தகவல் செல்கிறது என்பதை நாமே திறந்து பார்க்க டயக்னாஸ்டிக் டேட்டா வியூவர் என்ற வசதியும் சேர்க்கப்பட்டது. ஆக, கேள்வி கேட்டவர்களால்தான் மாற்றம் வந்தது.

அண்மைக் கால எடுத்துக்காட்டு ரீகால். நீங்கள் திரையில் பார்ப்பவற்றை அவ்வப்போது படமாக எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு தேடித் தரும் வசதி இது. 2024 மே மாதம் அறிவிக்கப்பட்டபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. வெளியீடு தள்ளிப் போனது. நாமாக இயக்கினால் மட்டுமே வேலை செய்யும் என்று மாற்றி, படங்களை என்க்ரிப்ட் செய்து, 2025 ஏப்ரலில் கோபைலட் பிளஸ் வகைக் கம்ப்யூட்டர்களுக்கு மட்டும் தந்தார்கள். அந்தப் படங்கள் உங்கள் கம்ப்யூட்டரிலேயேதான் தங்கும். ஆனாலும், ஒரே கம்ப்யூட்டரைக் குடும்பமே பயன்படுத்தும் நம் வீடுகளில் இப்படி ஒரு வசதியை இயக்கும் முன் இரண்டு முறை யோசிப்பது நல்லது.

விண்டோஸிலேயே செய்யக் கூடியவை

சிஸ்டத்தை மாற்றுவதற்கு முன் கையில் இருப்பதைச் சரிசெய்து பாருங்கள். பத்து நிமிட வேலைதான்.

1. விண்டோஸ் 11ல் செட்டிங்ஸ் திறந்து, பிரைவசி அண்ட் செக்யூரிட்டி என்பதில் கிளிக் செய்யுங்கள். அங்கே டயக்னாஸ்டிக்ஸ் அண்ட் பீட்பேக் என்ற பிரிவு இருக்கும். அதில் ஆப்ஷனல் டயக்னாஸ்டிக் டேட்டா அனுப்புவதை ஆப் செய்துவிடுங்கள்.

2. அதே பக்கத்தில் அட்வர்டைசிங் ஐ.டி. என்று தேடுங்கள். உங்களுக்கேற்ற விளம்பரங்களைக் காட்டுவதற்காக அப்ளிகேஷன்கள் பயன்படுத்தும் அடையாள எண் இது. தயங்காமல் ஆப் செய்யலாம். விளம்பரங்கள் நிற்காது. உங்களைப் பின்தொடரும் விளம்பரங்கள் குறையும்.

3. லொகேஷன், கேமரா, மைக்ரோபோன் மூன்றுக்கும் தனித்தனிப் பிரிவு உண்டு. எந்தெந்த அப்ளிகேஷன்களுக்கு அனுமதி தரப்பட்டுள்ளது எனப் பட்டியலைப் பாருங்கள். கால்குலேட்டருக்கு மைக்ரோபோன் எதற்கு என்ற கேள்வியை உங்களுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள்.

4. ஒன்டிரைவ் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். புதிய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் போல்டர்கள் நிறுவனத்தின் சர்வருக்குத் தானாகவே பேக்கப் ஆகும்படி அமைந்திருக்கும். ஹார்ட் டிஸ்க் பழுதானால் இது கை கொடுக்கும். ஆனால் உங்கள் பைல்கள் வீட்டை விட்டு வெளியே செல்கின்றன என்று தெரிந்து, விரும்பி இயக்க வேண்டிய வசதி இது. நிறுத்தினால், பைல்கள் ஒன்டிரைவ் போல்டரிலேயே தங்கியிருக்கலாம். அவற்றைப் பழைய இடத்திற்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பலருக்கு இந்த அளவே போதும். பிறகு ஏன் சிலர் சிஸ்டத்தையே மாற்றுகிறார்கள்? என் அக்கா வீட்டுக் கதையைச் சொல்கிறேன்.

அக்காவின் கம்ப்யூட்டர்

என் அக்கா திருச்சியில் வீட்டிலேயே ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறார். வினாத்தாள்கள், மதிப்பெண் பட்டியல், யார் பீஸ் கட்டினார்கள், பெற்றோரின் போன் நம்பர், பிள்ளைகளின் போட்டோ என எல்லாமே ஒரே கம்ப்யூட்டரில் இருக்கின்றன. ஆறாம் தலைமுறை ஐ5 பிராசசர், 8 ஜிபி ராம். நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான இலவச அப்டேட்கள் முடிவுக்கு வந்தன. விண்டோஸ் 11க்கு மாற, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு அமைப்பும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசரும் வேண்டும். அக்காவின் கம்ப்யூட்டர் அந்தப் பட்டியலில் இல்லை. வீட்டுப் பயனாளர்களுக்காக, 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் தரும் கூடுதல் திட்டம் ஒன்றை மைக்ரோசாப்ட் அறிவித்திருந்தது. அதை இலவசமாகப் பெறும் வழி, மைக்ரோசாப்ட் அக்கவுண்ட் வழியாக நுழைந்து நம் செட்டிங்ஸை அவர்களது சர்வருடன் இணைத்து வைப்பது. எப்படியும் அது ஓராண்டுக் கால அவகாசம்தான்.

புதுக் கம்ப்யூட்டர் வாங்கலாம் என்றால், அந்த மாதம்தான் அக்கா மகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டியிருந்தார்கள். அப்டேட் இல்லாத சிஸ்டத்திலேயே ஓட்டலாம் என்றால், அக்காவுக்கு மனம் ஒப்பவில்லை. "என் விஷயம்னா போகுதுன்னு விட்டுடுவேன்டா. இதுல இருக்கறது ஊரார் பிள்ளைங்க விஷயம். ஒரு அம்மா வந்து, எங்க பொண்ணு போட்டோ உங்க கம்ப்யூட்டர்ல பத்திரமா இருக்கான்னு கேட்டா நான் என்ன பதில் சொல்றது?" என்றார். பிரைவசி பற்றி நான் படித்த பல கட்டுரைகளை விட இந்த ஒரு கேள்வி எனக்குத் தெளிவாக இருந்தது. நம் கம்ப்யூட்டரில் இருப்பது நம்முடைய விவரம் மட்டும் இல்லையே!

எனவே லினக்ஸை முயன்று பார்ப்பது என்று முடிவானது. லினக்ஸில் பல வகைகள் உண்டு. விண்டோஸ் பழகியவர்களுக்கு எளிதாக இருக்கும் என்பதால் லினக்ஸ் மிண்ட், சின்னமன் பதிப்பைத் தேர்ந்தெடுத்தோம். கீழே டாஸ்க் பார், இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம் என்று பார்த்த முகமாகவே இருக்கும். இது இயங்க 2 ஜிபி ராம் இருந்தாலும் போதும், 4 ஜிபி இருந்தால் நல்லது. 2024ல் வந்த 22 வரிசைப் பதிப்புகளுக்கு 2029 வரை அப்டேட் உண்டு. டெலிமெட்ரி என்று எதையும் மிண்ட் திரட்டுவதில்லை.

முதலில் பென் டிரைவில்

லினக்ஸின் நல்ல வசதி ஒன்று, நிறுவாமலேயே ஓட்டிப் பார்க்கலாம் என்பது. மிண்ட் இணைய தளத்திலிருந்து ஐ.எஸ்.ஓ. பைலை டவுன்லோட் செய்ய வேண்டும். சுமார் 3 ஜிபி இருக்கும். ரூபஸ் அல்லது எட்சர் என்ற இலவச புரோகிராம் மூலம் அதை 8 ஜிபி பென் டிரைவில் எழுத வேண்டும். பென் டிரைவில் முன்பு இருந்தவை அழிந்துவிடும் என்பதை மறந்துவிடாதீர்கள். பிறகு கம்ப்யூட்டரை ஆன் செய்யும்போது எப் 12, எப் 9 அல்லது எஸ்கேப் கீயை அழுத்தினால், எதிலிருந்து பூட் செய்வது என்று கேட்கும். எந்தக் கீ என்பது மதர்போர்டுக்கு ஏற்ப மாறும். பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால் மிண்ட் திரையில் வந்து நிற்கும். ஹார்ட் டிஸ்க்கில் எதுவும் மாறாது.

இப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அக்கா ஓட்டிப் பார்த்தார். வை-பை உடனே கிடைத்தது. ஸ்பீக்கர், வெப் கேமரா, பிரவுசரில் ஆன்லைன் வகுப்பு எல்லாம் சரி. பிரிண்டர்தான் அசையவில்லை. அது ஒரு பழைய லேசர் பிரிண்டர். அதன் டிரைவர் விண்டோஸை மனதில் வைத்தே எழுதப்பட்டது. புதிய பிரிண்டர்கள் பலவும் லினக்ஸில் செருகியவுடன் வேலை செய்கின்றன, பழைய மாடல்களில் சில இப்படி அடம் பிடிக்கும். இந்த விஷயம் நிறுவும் முன்பே தெரிந்தது நல்லதாயிற்று. வினாத்தாளை பி.டி.எப். ஆக மாற்றி, மாமாவின் விண்டோஸ் லேப்டாப்பிலிருந்து பிரிண்ட் எடுப்பது என்று ஏற்பாடு செய்துகொண்டோம்.

அடுத்ததாகப் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி அப்படியே அலமாரியில் வைத்துவிட்டு, புதிதாக வாங்கிய ஒரு எஸ்.எஸ்.டி.யில் மிண்டை நிறுவினேன். இதில் இரண்டு லாபம். கம்ப்யூட்டரின் வேகம் கூடியது. பிடிக்கவில்லை என்றால் பழைய டிஸ்க்கை மாட்டிக்கொள்ளலாம் என்ற தைரியமும் இருந்தது. நிறுவும்போது டிஸ்க்கை என்க்ரிப்ட் செய்யும் வசதியையும் தேர்ந்தெடுத்தேன். கம்ப்யூட்டர் திருட்டுப் போனாலும் பாஸ்வேர்டு இல்லாமல் பிள்ளைகளின் விவரங்களை யாரும் படிக்க முடியாது. அந்தப் பாஸ்வேர்டை நாமே மறந்தால் நமக்கும் அதே கதிதான், யாராலும் மீட்டுத் தர முடியாது. அதனால் அதை ஒரு தாளில் எழுதி பீரோவில் வைக்கச் சொன்னேன்.

முதல் இரண்டு வாரம்

பழக்கம் என்ற விலையைக் கட்டும் காலம் இதுதான். முதல் நாள் மாலையே போன். "டேய், என் டி டிரைவைக் காணோம்டா!"

லினக்ஸில் சி, டி என்ற டிரைவ்கள் கிடையாது. எல்லாமே ஒரே மரத்தின் கிளைகள் போல ஒரு வேரிலிருந்து பிரியும். உங்களுக்கென்று இருப்பது ஹோம் என்ற போல்டர். டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் எல்லாம் அதற்குள் இருக்கும். பழைய விண்டோஸ் டிஸ்க்கை இணைத்தால் அது ஒரு பென் டிரைவ் போலப் பக்கவாட்டில் தெரியும். அதிலுள்ள பைல்களைத் திறக்கலாம், காப்பி செய்யலாம்.

அடுத்த நாள், பைல் பெயர். விண்டோஸில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் பெயரில் ஒன்றாகவே கருதப்படும். லினக்ஸில் அவை வேறு வேறு. முதல் எழுத்தைப் பெரியதாக வைத்து ஒரு பைல், சிறியதாக வைத்து இன்னொரு பைல் என ஒரே போல்டரில் இரண்டு மதிப்பெண் பட்டியல்கள் சேர்ந்திருந்தன. எல்லாப் பெயரையும் சிறிய எழுத்திலேயே வைக்க வேண்டும் என்று அக்கா ஒரு விதி வைத்துக்கொண்டார்.

அடுத்தது புரோகிராம் நிறுவுவது. நமக்குப் பழக்கமானது, எங்கிருந்தோ ஒரு செட்டப் பைலை டவுன்லோட் செய்து டபுள் கிளிக் செய்வது. அந்த வகைப் பைல்கள் லினக்ஸில் நேரடியாக ஓடாது. அதற்குப் பதில் சாப்ட்வேர் மேனேஜர் என்ற ஒரே இடத்தில் தேடி நிறுவ வேண்டும், போனில் செய்வது போல. நிறுவும்போது பாஸ்வேர்டு கேட்கும். "ஒவ்வொண்ணுக்கும் பாஸ்வேர்டு கேக்குதே?" என்று அக்கா சலித்துக்கொண்டார். கேட்காமல் எதுவும் சிஸ்டத்திற்குள் நுழைய முடியாது என்பதற்காகத்தான் அந்தக் கேள்வி. நீங்கள் எதையும் நிறுவாத நேரத்தில் அது கேட்டால், பாஸ்வேர்டைத் தராமல் கேன்சல் செய்துவிட வேண்டும்.

மூன்றாம் நாள்தான் சிக்கல் வந்தது. மறுநாள் தேர்வு, வினாத்தாள் தயாராக வேண்டும். எம்.எஸ். வேர்டில் செய்த பழைய தாளை லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் திறந்தால் டேபிள்கள் நகர்ந்து, இரண்டு பக்கத் தாள் மூன்று பக்கமாகிவிட்டது. தேடிய மெனு எதுவும் தேடிய இடத்தில் இல்லை. இரவு பத்து மணிக்கு அக்கா கோபத்தோடு சொன்னார், "எனக்கு இது வேணாம்டா. பழசையே போட்டுக் கொடுத்துடு."

அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. பத்து வருடப் பழக்கம் விரல்களில் இருக்கும். அதை நாளைக்குத் தேர்வு என்ற நேரத்தில் மாற்றச் சொல்ல முடியாது. அன்று மாமாவின் லேப்டாப்பில் வினாத்தாளை முடிக்கச் சொன்னேன். "இன்னும் பத்து நாள் பாருங்க அக்கா, பிடிக்கலேன்னா நானே பழைய டிஸ்க்கை மாட்டித் தர்றேன்" என்றேன்.

அந்த வார இறுதியில் இரண்டு மாற்றங்கள் செய்தோம். ரைட்டரில் வியூ மெனுவில் யூசர் இன்டர்பேஸ் என்பதைத் தேர்ந்தெடுத்து, டேப்டு என்ற தோற்றத்திற்கு மாற்றினோம். வேர்டின் ரிப்பனுக்கு நெருக்கமாக இருக்கும். பழைய தாள்களில் பயன்படுத்திய எழுத்துருக்களையும் நிறுவினோம். டேபிள்கள் நகர்ந்ததற்குப் பெரும்பாலும் காரணம், அதே எழுத்துரு இல்லாமல் வேறொன்று வந்து உட்கார்ந்ததுதான். அதன் பிறகு தாள்கள் ஏறத்தாழ பழைய வடிவத்திற்கே வந்தன. இரண்டாவது வாரம் எனக்கு வந்த போன்கள் இரண்டே. ஒரு மாதம் கழித்து, அலமாரியில் உள்ள டிஸ்க்கைப் பற்றி அக்கா பேசவே இல்லை.

தமிழில் டைப் செய்ய

நம் வாசகர்களுக்கு இது முக்கியம். விண்டோஸில் பயன்படுத்தும் தமிழ் டைப்பிங் புரோகிராம்கள் பலவும் லினக்ஸில் ஓடாது. ஆனால் அவற்றுக்கு அங்கே தேவையும் இல்லை. ஐபஸ் என்ற வசதியுடன் எம்17என் என்ற தொகுப்பைச் சேர்த்துக்கொண்டால், தமிழ் 99, டைப்ரைட்டர், ஆங்கில உச்சரிப்பில் அடிக்கும் போனடிக் என எல்லா முறைகளும் கிடைக்கும். சாப்ட்வேர் மேனேஜரில் தேடியே நிறுவிக்கொள்ளலாம். பிறகு ஒரு கீ அழுத்தத்தில் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறிக்கொள்ளலாம்.

அக்காவின் பழைய வினாத்தாள்கள் பாமினி எழுத்துருவில் இருந்தன. யூனிகோடுக்கு முந்தைய இத்தகைய எழுத்துருக்கள் வெறும் எழுத்துரு பைல்கள்தான், லினக்ஸுக்கும் அவை பொருந்தும். ஹோம் போல்டருக்குள் புள்ளியில் தொடங்கும் பான்ட்ஸ் என்ற போல்டரை உருவாக்கி அதில் காப்பி செய்தால் போதும். புள்ளியில் தொடங்கும் போல்டர்கள் கண்ணுக்குத் தெரியாது. கண்ட்ரோல் கீயுடன் எச் அழுத்தினால் தெரியும். புதிய தாள்களை மட்டும் யூனிகோடில் தயாரியுங்கள். எந்த சிஸ்டத்திற்கு மாறினாலும், போனில் அனுப்பினாலும் எழுத்து மாறாமல் இருக்கும்.

மாமா ஏன் மாறவில்லை?

மாமா ஒரு ஹார்ட்வேர் கடை வைத்திருக்கிறார். கணக்கு எல்லாம் டாலியில். அது விண்டோஸுக்கான சாப்ட்வேர். ஆடிட்டர் அனுப்பும் எக்செல் ஷீட்டுகளில் மேக்ரோக்கள் நிறைய. இவற்றை லினக்ஸில் ஓட்டச் சுற்று வழிகள் உண்டு. ஆனால் மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் மனிதரைச் சுற்று வழியில் அனுப்பக் கூடாது. அவரது லேப்டாப் புதியது, விண்டோஸ் 11 இருக்கிறது. மேலே சொன்ன நான்கு மாற்றங்களை மட்டும் செய்து கொடுத்தேன். ஒரே வீட்டில் இரண்டு சிஸ்டம், இருவருக்கும் குறையில்லை.

கோரல் டிரா, போட்டோஷாப், பேஜ்மேக்கர் போன்றவற்றை நம்பித் தொழில் செய்பவர்களுக்கும் இதே ஆலோசனைதான். இன்க்ஸ்கேப், ஜிம்ப், ஸ்கிரைபஸ் என்று லினக்ஸில் மாற்றுகள் உண்டு. அவற்றை முதலில் விண்டோஸிலேயே நிறுவிப் பழகிப் பாருங்கள். கை பழகிய பிறகு சிஸ்டத்தை மாற்றுவது பற்றி யோசிக்கலாம். லிப்ரே ஆபீஸுக்கும் இது பொருந்தும். விண்டோஸில் இருக்கும்போதே அதைப் பழகியவர்களுக்கு மாற்றத்தின் பாதிச் சுமை குறைந்துவிடும்.

லினக்ஸ் என்றால் கவலையே இல்லையா?

அப்படிச் சொல்பவர்களை நம்பாதீர்கள். 2012 அக்டோபரில் வந்த உபுண்டு 12.10 பதிப்பில், உங்கள் கம்ப்யூட்டருக்குள் ஒரு பைலைத் தேடினாலும் தேடிய சொல் அதன் நிறுவனத்தின் சர்வருக்குச் சென்று, அமேசான் பொருட்களும் விடையாக வந்தன. லினக்ஸ் உலகத்திலேயே பெரும் கண்டனம் எழுந்தது. 2016ல் வந்த 16.04 பதிப்பில்தான் அந்தத் தேடல் இயல்பாகவே நிறுத்தி வைக்கப்பட்டது.

லினக்ஸ் மிண்டுக்கும் ஒரு கறுப்பு நாள் உண்டு. 2016 பிப்ரவரி 20 அன்று அதன் இணைய தளத்தில் ஊடுருவிய சிலர், 17.3 பதிப்பின் டவுன்லோட் லிங்க்கை மாற்றி, திருட்டு வாசல் வைத்த போலி ஐ.எஸ்.ஓ. பைலைத் தந்துவிட்டார்கள். அதனால்தான் டவுன்லோட் செய்த பைலின் செக்சம் எண்ணைச் சரிபார்க்கச் சொல்கிறார்கள். எப்படிச் செய்வது என்று மிண்டின் நிறுவும் கையேட்டிலேயே படிப்படியாக உள்ளது. அந்த ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

இன்னொன்று, சிஸ்டத்தை மாற்றினால் சிஸ்டம் அனுப்பும் தகவல்தான் நிற்கும். பிரவுசரில் நீங்கள் ஜிமெயில், யூ டியூப், பேஸ்புக்கில் நுழைந்தால் அவர்களுக்குத் தெரிவது எப்போதும் போலத் தெரியத்தான் செய்யும். லினக்ஸில் இருந்தாலும் விண்டோஸில் இருந்தாலும் அதில் வித்தியாசம் இல்லை. அக்காவிடமும் இதைச் சொன்னேன். கம்ப்யூட்டரைப் பத்திரப்படுத்திவிட்டு, அதே பிள்ளைகளின் போட்டோக்களை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் பயனில்லை. இப்போது மதிப்பெண்ணை அந்தந்தப் பெற்றோருக்குத் தனியாகவே அனுப்புகிறார்.

மாறும் முன் சரிபார்க்க

* நீங்கள் தினமும் பயன்படுத்தும் புரோகிராம்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றும் லினக்ஸில் உண்டா, மாற்று உண்டா, பிரவுசரிலேயே ஓடுமா என்று குறியுங்கள். ஒன்றுக்காவது மூன்றும் இல்லை என்றால் பொறுத்திருங்கள்.

* பைல்களை வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் பேக்கப் எடுங்கள். எடுத்தால் போதாது, இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள்.

* புதிய லேப்டாப்கள் பலவற்றில் டிவைஸ் என்க்ரிப்ஷன் தானாகவே இயக்கப்பட்டிருக்கும். விண்டோஸையும் லினக்ஸையும் ஒரே டிஸ்க்கில் வைக்க எண்ணினால், முதலில் ரெகவரி கீயைத் தேடி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாப்ட் அக்கவுண்ட்டில் சேமிக்கப்பட்டிருக்கும். அந்தக் கீ இல்லாவிட்டால் டிஸ்க்கில் உள்ளவை கிடைக்காமலே போகக் கூடும்.

* பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கும்போது வை-பை, சவுண்ட், கேமரா, பிரிண்டர், ஸ்கேனர் ஐந்தையும் சோதியுங்கள்.

* தேர்வு, கணக்கு முடிப்பு, கல்யாண வேலை போன்ற நெருக்கடி நாட்களில் மாறாதீர்கள். இரண்டு வாரம் ஓய்வாக இருக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

* நிறுவியவுடன் டைம்ஷிப்ட் என்ற புரோகிராமை இயக்கி வையுங்கள். ஏதேனும் அப்டேட்டால் சிஸ்டம் கெட்டுப்போனால், முந்தைய நிலைக்குத் திரும்ப அது உதவும். இது சிஸ்டத்திற்கான காவல். உங்கள் பைல்களுக்குத் தனி பேக்கப் எப்போதும் வேண்டும்.

விண்டோஸிலேயே இருப்பது என்று முடிவு செய்தாலும் தவறில்லை. செட்டிங்ஸில் அந்தப் பத்து நிமிடத்தைச் செலவிட்டுவிட்டால், கேட்காமல் தரும் தகவல் பெருமளவு குறைந்துவிடும். வீட்டில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று சும்மா கிடந்தால், எடைக்குப் போடும் முன் ஒரு பென் டிரைவில் லினக்ஸை எழுதி அதில் ஓட்டிப் பாருங்கள். இழப்பதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டுமே.